வீட்டு நீச்சல் குளத்தின் பருவகாலப் பாதுகாப்பு (தென்காசி – குற்றாலம்)

வீட்டு நீச்சல் குளத்தின் பருவகாலப் பாதுகாப்பு என்பது, ஓர் ஊரின் கடுமையான பருவத்தில் குளத்தின் தொட்டி, குழாய்கள், பம்பு, நீரின் தரம் ஆகியவை கெடாமல் காக்கும் பராமரிப்பு முறையாகும். கனடா போன்ற குளிர்நாடுகளில் இது பனிக்காலத்தைக் குறிக்கும். தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்தில் நீர் உறைவதே இல்லை. இங்கே கடுமையான பருவம் என்பது சூன் முதல் செப்டம்பர் வரையிலான சாரலும், அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையும் ஆகும்.

இரண்டு பருவங்களுக்கும் ஒரே முறையைக் கையாள முடியாது. குளிர்நாட்டு வழிமுறைகளில் வரும் "நீரைக் குறை, பம்பை நிறுத்து, மூடிவிட்டுப் போ" என்ற அறிவுரையைக் குற்றாலத்தில் பின்பற்றினால் தொட்டியே உடையக்கூடும்.

குளிர்நாட்டு முறையும் அதன் காரணமும்

நீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 விழுக்காடு கூடுகிறது. திறந்த பரப்பில் இதனால் பெரிய தீங்கில்லை. குழாய், வடிகட்டி, பம்பு போன்ற மூடிய இடங்களில் பனிக்கட்டிக்கு விரிய இடமில்லாததால் அது சுவரைப் பிளந்துவிடுகிறது. நீரின் அடர்த்தி 4 பாகை செல்சியசில் மிகுதியாக இருப்பதால் குளம் மேற்பரப்பிலிருந்தே உறைகிறது. ஆழத்தில் உள்ள நீர் பெரும்பாலும் நீராகவே இருக்கும். ஆகவே ஆபத்து மேல்மட்டத்தில் உள்ள நீர் உறிஞ்சும் வாய்களுக்கும், ஆழமாகப் புதைக்கப்படாத குழாய்களுக்கும்தான்.

தமிழர்கள் மிகுதியாக வாழும் டொராண்டோ, மார்க்கம் பகுதிகளில் இலையுதிர் காலத்தில் குளத்தை 'மூடுவது' வீட்டு வேலைகளில் ஒன்று. நீர்மட்டத்தை மேல்வாய்க்குக் கீழே இறக்கி, காற்றழுத்தக் கருவியால் குழாய்களில் உள்ள நீரை வெளியேற்றி, அடைப்பான்களைப் பொருத்துவர். எஞ்சிய ஈரம் உறையாதிருக்க புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த திரவத்தை ஊற்றுவதும் உண்டு. கார் ரேடியேட்டருக்கான எத்திலீன் கிளைக்கால் நச்சுத்தன்மை உடையது, அதைப் பயன்படுத்தக்கூடாது. பின்னர் குளம் மே மாதம் வரை மூடியே கிடக்கும். குளிரில் பாசியும் கிருமியும் ஏறத்தாழ வளராமல் இருப்பதே இதைச் சாத்தியமாக்குகிறது.

அங்கும் குளத்தை முழுதாக வற்றவைப்பதில்லை. அதன் காரணம் தென்காசிக்கும் பொருந்துவதாகும்.

தமிழகத்தில் உறைபனி

தமிழ்நாட்டில் உறைபனி என்பது உதகை, அதைச் சூழ்ந்த நீலகிரி உயர்நிலங்கள், கொடைக்கானல் ஆகிய இடங்களில் திசம்பர், சனவரி மாதங்களின் விடியற்காலையில் புல்வெளிகளில் காணப்படும் ஒன்று. வெயில் ஏறியதும் அது கரைந்துவிடும். பல்லாயிரம் லிட்டர் நீர் உறைய வேண்டுமானால் இரவும் பகலும் தொடர்ந்து உறைநிலைக்குக் கீழான குளிர் வேண்டும். எனவே அங்கும் வெட்டவெளியில் கிடக்கும் மெல்லிய குழாய்களைச் சுற்றிக் கட்டுவதே போதுமானது.

சாரல் பருவத்தில் குளத்தின் நிலை

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று, மலையின் கிழக்குச் சரிவில் இருந்தும் குற்றாலத்துக்குச் சாரலைத் தருகிறது. குளிர்நாட்டில் கடும் பருவம் குளத்துக்கு ஓய்வுக்காலம். குற்றாலத்தில் அதுவே 'சீசன்'. பண்ணை வீடுகளிலும் தங்கும் விடுதிகளிலும் உள்ள குளங்கள் ஆண்டிலேயே மிகுதியாகப் பயன்படுவது அப்போதுதான். அருவிகளில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை விதிக்கப்படும் நாட்களில் கூட்டம் இன்னும் கூடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் ஏற்பட்ட திடீர் வெள்ளத்தில் பள்ளி மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். அருவிக்குப் போக முடியாத நாளில் குழந்தைகளோடு வந்த குடும்பம் விடுதிக் குளத்தை நாடுவது இயல்பு. ஆனால் நீரின் தரம் தாழ்ந்திருப்பதும் அதே நாளில்தான்.

மழை நேரடியாகக் குளத்தில் விழுவதால் குளோரின் வெகுவாக நீர்த்துவிடும் என்று பொதுவாக நம்பப்படுகிறது. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.5 மீட்டர் ஆழம் கொண்ட குளம் 48,000 லிட்டர் கொள்ளும். ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தாலும் அதில் விழுவது 3,200 லிட்டர். அதாவது 7 விழுக்காட்டுக்கும் குறைவு. உண்மையில் கெடுதல் செய்வது தோட்டத்திலிருந்தும் கூரையிலிருந்தும் வழிந்து வரும் நீரும், காற்றில் வந்து விழும் இலைகளுமே. மண், சாணம், உரம், மட்கிய இலை ஆகியவை குளோரினைத் தின்றுவிடும். குளத்தின் விளிம்பைச் சுற்றுத் தரையைவிடச் சற்று உயர்த்தி, வெளிப்பக்கம் சிறு வடிகால் வெட்டுவது எந்த மருந்தையும்விடப் பயன் தரும். மழையில் நீர் ஏறும்போது வெளியேற, நிரம்பி வழியும் குழாய் அடைபடாமல் இருக்க வேண்டும்.

குளோரினும் பி.எச். அளவும்

நீரில் தனிக்குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரையும், பி.எச். 7.2 முதல் 7.8 வரையும் இருப்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பி.எச். 7.5 அளவில் குளோரினில் ஏறத்தாழ பாதி மட்டுமே கிருமியைக் கொல்லும் வலுவான வடிவில் இருக்கும். 8 ஆனால் அது கால் பங்காகக் குறையும். பிளீச்சிங் பவுடர் பி.எச். அளவை உயர்த்தும் இயல்புடையது. எனவே பவுடரை மேலும் மேலும் கொட்டிவிட்டு நீர் தெளியவில்லையே என்று திகைப்பதில் பொருளில்லை.

மேற்சொன்ன 48,000 லிட்டர் குளத்தில் குளோரின் அளவை 1 மில்லிகிராம் உயர்த்த 48 கிராம் குளோரின் தேவை. மூன்றில் ஒரு பங்கு குளோரின் உள்ள நல்ல பிளீச்சிங் பவுடரில் இது சுமார் 150 கிராம் ஆகும். 'நல்ல' என்பதே இங்கு முக்கியம். இப்பொருள் ஈரக்காற்றில் வீரியம் இழக்கும். சாரல் மாதங்களில் வாய் திறந்த சாக்கில் கிடந்த பவுடர் வெறும் சுண்ணாம்பாகவே பயன்படும். இறுக மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் சிறிது சிறிதாக வாங்கி வைப்பது நல்லது. மாத்திரை வடிவில் விற்கப்படும் டிரைகுளோரோ ஐசோசயனூரிக் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே வாளியிலோ ஒரே கரண்டியாலோ கலக்கக்கூடாது. தீப்பற்றலாம், நச்சு வாயு வெளியேறலாம்.

சாரல் நாட்களில் வெயில் குறைவதால், சூரிய ஒளியால் குளோரின் அழிவதும் குறைகிறது. இது ஒரு சிறு ஆதாயம். ஆனால் நீர் பாசி வளரப் போதுமான வெப்பத்துடனே இருக்கும். பம்பை இரண்டு நாள் நிறுத்தினாலே நீர் பச்சை நிறம் கொள்ளத் தொடங்கும்.

அலட்சியத்தின் விலை சில நேரங்களில் உயிராக இருக்கலாம். நேக்லேரியா ஃபவுலேரி என்னும் அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது. மூக்கின் வழியே மூளையை அடைந்து, பெரும்பாலும் உயிரைப் பறிக்கும் மூளைக்காய்ச்சலை உண்டாக்குகிறது. 2024இல் மே முதல் சூலை வரை வட கேரளத்தில் சிறார் மூவர் இந்நோயால் இறந்தனர். முறையாகக் குளோரின் இடப்பட்ட நீரில் இது பிழைப்பதில்லை. ஓடைநீரைக் குழாய் வைத்து நேரடியாகக் குளத்தில் விட்டு, 'அருவித் தண்ணீர்' என்று பெருமை பேசுவது இந்தக் காரணத்தாலேயே தவறு. ஓடையைத் திருப்புவது சட்டச் சிக்கலையும் கொண்டுவரும்: இயற்கை நீரோட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்த தனியார் விடுதிகளுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் நடவடிக்கைக்கு உத்தரவிட்டது.

காலியான குளம் மிதக்கும் ஆபத்து

மண்ணுக்குள் கட்டப்பட்ட தொட்டி நிலத்தடி நீரில் நிற்கும் படகு போன்றது. உள்ளே நீர் இருக்கும்வரை அதன் எடை தொட்டியை அழுத்தி வைத்திருக்கும். நீரை இறைத்துவிட்டால், வெளியே ஊறிய நீர் அடியிலிருந்து மேலே தள்ளும்.

மேற்கண்ட அதே குளத்தின் தரையும் சுவரும் 15 சென்டிமீட்டர் தடிமனான கான்கிரீட் எனக் கொண்டால் அதன் எடை ஏறத்தாழ 24 டன். நிலத்தடி நீர் குளத்தின் அடித்தளத்துக்கு மேல் 1 மீட்டர் உயரம் ஏறினால் மேல்நோக்கிய விசை 32 டன். சுற்று மண்ணின் பிடிப்பு ஓரளவு காக்கும் என்றாலும் அதை நம்பி இருக்க முடியாது. தொட்டி ஒருபக்கமாகத் தூக்கிக்கொள்ளும், தரை விரியும், குழாய் இணைப்புகள் அறுபடும். கான்கிரீட்டைவிட இலேசான ஃபைபர் தொட்டிகளில் இது இன்னும் எளிதில் நிகழும். ஒருமுறை மேலெழுந்த தொட்டியைப் பழையபடி இறக்கி வைப்பது பெரும்பாலும் இயலாது.

தென்காசி வட்டாரத்தில் இந்த ஆபத்து கூடுதல். சிற்றாற்றுப் பாசனத்தில் கார், பிசானம் என இருபோகம் நெல் விளையும் ஊர்களில், வயலில் நீர் கட்டியிருக்கும் மாதங்களில் நிலத்தடி நீர் தரையை ஒட்டி ஏறிவிடும். காட்சிக்காக வயலோரம் கட்டப்படும் பண்ணை வீடுகளின் குளங்களுக்கு மழை இல்லாத நாளிலும் இந்த அழுத்தம் உண்டு. இதை அறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை. வீட்டுக் கிணறே போதும். கிணற்றில் நீர் நிற்கும் மட்டம் குளத்தின் அடித்தளத்தைவிட உயரமாக இருந்தால் குளத்தை வற்றவைக்கக்கூடாது. புதிதாகக் கட்டுவோர் தரையின் ஆழமான இடத்தில் ஒருவழி வால்வு ஒன்றைப் பொருத்தச் சொல்வது நல்லது. வெளி அழுத்தம் கூடினால் அது திறந்து நிலத்தடி நீரைத் தொட்டிக்குள் விட்டுவிடும். நீர் சற்றுக் கலங்கும், தொட்டி பிழைக்கும்.

மின்சாரம், மூடி, கொசு

பம்பு அறையைத் தரைக்குக் கீழே குழியில் அமைப்பது வழக்கம். கனமழையில் முதலில் நிரம்புவது அதுவே. மோட்டாரை மேடையில் ஏற்றி வைப்பதும், 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்துவதும் தவிர்க்கக்கூடாதவை. நீருக்கடி விளக்குகள் 12 வோல்ட்டில் இயங்குபவையாக இருக்க வேண்டும். இடி மின்னலின்போது யாரும் குளத்தில் இருக்கக்கூடாது.

ஆளில்லாத வாரங்களில் தார்ப்பாய் போட்டு மூடுவோர் உண்டு. தொய்ந்த தார்ப்பாயில் தேங்கும் மழைநீரில் ஏடிசு கொசு முட்டையிட்டு, ஒன்றரை வாரத்துக்குள் டெங்கு பரப்பும் கொசுக்கள் பறக்கும். தளர்ந்த தார்ப்பாய் தரை போலத் தோற்றமளிப்பதால் சிறு குழந்தைகள் அதன்மேல் கால் வைத்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. இழுத்துக் கட்டிய வலையும், சுற்றிலும் பூட்டக்கூடிய வேலியும் இதைவிட ஏற்றவை. வலை இலையைத் தடுக்கும். மழைநீர் தேங்காமல் வடியும். ஆள் இல்லாவிட்டாலும் பம்பு நாள்தோறும் சில மணி நேரம் ஓட வேண்டும்.

பழுதுபார்க்க ஏற்ற காலம்

ஓடு மாற்றுதல், பூச்சு வேலை, கசிவு அடைத்தல் போன்றவற்றுக்குக் குளத்தை வற்றவைத்தே ஆக வேண்டும். இவ்வட்டாரத்தில் அதற்கு உரிய காலம் பிசான அறுவடை முடிந்து கிணறுகள் இறங்கியிருக்கும் பங்குனி, சித்திரை மாதங்கள். அப்போதும் கோடை மழை வரலாம் என்பதால் வேலையைத் தொடங்கும் முன் கிணற்று மட்டத்தைப் பார்ப்பர். காலியான தொட்டியை வெயிலில் பல வாரம் காயவிட்டால் பூச்சு வெடிக்கும். ஆகவே ஈரச் சாக்கு விரித்து, வேலை முடிந்து பூச்சு இறுகியதும் தாமதிக்காமல் நீர் நிரப்பி, வைகாசி இறுதியில் முதல் சாரல் விழும் முன் பம்பையும் வடிகாலையும் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.