சுவிட்சை அணைத்தால் மட்டும் போதுமா?

சித்திரை, வைகாசியில் பெய்யும் கோடை மழையின்போதும், ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையின்போதும் நம் மாநிலத்தில் இடி மின்னல் அதிகம். பருவமழை நாள்களில் அறிவியல் வகுப்புக்குள் நான் நுழையும்போதே செய்திகள் காத்திருக்கும். "நேத்து இடிச்ச இடியில எங்க வீட்டு டிவி போயிருச்சு சார்." "எங்க தெருவுல மூணு வீட்டுல செட்டாப் பாக்ஸ் எரிஞ்சுபோச்சு சார்." கூடவே ஒரு கேள்வியும் தவறாமல் வரும்: "டிவியை ஆஃப் பண்ணித்தானே சார் வெச்சிருந்தோம், அப்புறம் எப்படிப் போச்சு?"

பாடநூலில் உள்ள நிலைமின்னியலும் மின்காந்தத் தூண்டலும் மாணவரின் வீட்டுக்குள் வந்து நிற்கும் இடம் இந்தக் கேள்விதான். நம் மாணவர்களின் வீடுகளில் டிவியும் ஃபிரிட்ஜும் பெரும்பாலும் தவணையில் வாங்கியவை. தவணை முடியும் முன்பே பொருள் போய்விட்டால் அது அந்தக் குடும்பத்துக்குச் சிறிய இழப்பு அல்ல. அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. இடி இடிக்கத் தொடங்கியதும், "ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கு" என்று பல வீடுகளில் அனுப்பப்படுவது குழந்தைதான். எதை, எப்போது, யார் கழற்ற வேண்டும் என்பதை நாம் தெளிவாகச் சொல்லிக்கொடுத்தால் பொருளும் தப்பும், பிள்ளையும் தப்பும்.

மின்னல் வீட்டின் மேல் விழ வேண்டியதில்லை

ஒரு மின்னலில் பாயும் மின்னோட்டம் சராசரியாக 30,000 ஆம்பியர் அளவில் இருக்கும். அதன் பாதையில் காற்று ஏறத்தாழ 30,000 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது. இது நேரடியாக ஒரு வீட்டைத் தாக்கினால் எந்தச் சாதனமும் தப்புவது கடினம். ஆனால் அப்படி நேரடியாகத் தாக்கப்படும் வீடுகள் மிகக் குறைவு. கெட்டுப்போகும் பெரும்பாலான சாதனங்கள் தொலைவில் விழுந்த மின்னலால்தான் கெடுகின்றன. அந்த மின்னல் மூன்று வழிகளில் வீட்டுக்குள் வருகிறது.

முதல் வழி, கம்பி. தெருவில் செல்லும் மின்கம்பியிலோ கேபிள் டிவி கம்பியிலோ எங்கேனும் மின்னல் விழுந்தால், மிகை மின்னழுத்தம் கம்பி வழியாகவே ஓடி வரும். இதைத்தான் எலக்ட்ரீசியன்கள் 'சர்ஜ்' என்கிறார்கள். இரண்டாவது வழி, தூண்டல். மின்னல் கம்பியைத் தொடாமல் அருகில் விழுந்தாலே போதும், கம்பியில் மின்னழுத்தம் தூண்டப்படும். மூன்றாவது வழி, நிலம். மின்னல் விழுந்த இடத்தைச் சுற்றி நிலத்தின் மின்னழுத்தமே ஒரு கணம் பல மடங்கு உயர்கிறது. அது எர்த் கம்பி வழியாகவும் நியூட்ரல் கம்பி வழியாகவும் ஏறிவரும்.

வகுப்பில் போட்டுப் பார்க்க ஒரு கணக்கு

இரண்டாவது வழியை மாணவர்கள் எளிதில் நம்புவதில்லை. "தொடாமலே எப்படி சார்?" என்பார்கள். மேல்நிலை வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டலாம்.

வீட்டிலிருந்து 100 மீட்டர் தள்ளி 30,000 ஆம்பியர் மின்னல் விழுவதாகக் கொள்வோம். நீண்ட நேர்க்கடத்திக்கான வாய்பாட்டின்படி வீட்டருகே காந்தப்புலம் 2×10⁻⁷ × 30,000 ÷ 100, அதாவது 6×10⁻⁵ டெஸ்லா. இது பூமியின் காந்தப்புலத்தின் அளவுதான். திசைகாட்டியின் முள்ளைத் திருப்பும், அவ்வளவே. ஆனால் இந்தப் புலம் ஏறத்தாழ ஒரு மைக்ரோ விநாடியில் தோன்றிவிடுகிறது. எனவே மாறும் வீதம் விநாடிக்கு 60 டெஸ்லா. வீட்டுக்குள் கம்பிகள் சேர்ந்து 10 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு வளையமாக அமைந்திருந்தால், அதில் தூண்டப்படும் மின்னியக்கு விசை 600 வோல்ட். வளையம் பெரிதானாலும் மின்னல் நெருங்கினாலும் இது ஆயிரக்கணக்கில் போகும்.

உயர்நிலை வகுப்புக்குக் கணக்கு வேண்டாம். கம்பிச்சுருள், கால்வனோமீட்டர், சட்டக்காந்தம் போதும். காந்தத்தை மெதுவாக உள்ளே நுழைத்தால் முள் சற்றே அசையும். வேகமாக நுழைத்தால் துள்ளும். காந்தம் அதேதான், மாறியது வேகம் மட்டுமே. மின்னலின் வலிமை அதன் அளவில் மட்டும் இல்லை, அதன் வேகத்திலும் இருக்கிறது என்பதை இந்தச் சோதனைக்குப் பிறகு தனியாக விளக்க வேண்டியதில்லை.

டிவியும் மோடமும் முதலில் போவது ஏன்?

மின்கம்பியில் உட்காரும் காகத்துக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை என்று மாணவர்களுக்குத் தெரியும். அதன் இரு கால்களுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு இல்லை. சாதனங்களுக்கும் இதே விதிதான். உள்ளே வரும் எல்லாக் கம்பிகளும் ஒரே அளவுக்கு உயர்ந்தால் பெரிய சேதம் இல்லை. ஒன்று உயர்ந்து மற்றொன்று உயராவிட்டால் அந்த வேறுபாடு முழுவதும் சாதனத்துக்குள் பாயும்.

மின்விசிறிக்கு ஒரே ஒரு இணைப்பு. டிவிக்கோ வாசல் பக்கமாக மின்சாரம் வருகிறது, மாடி வழியாக டிஷ் ஆன்டெனா கம்பியோ கேபிள் கம்பியோ வருகிறது. இரண்டும் டிவிக்குள் சந்திக்கின்றன. மேலே கணக்கில் பார்த்த பெரிய வளையம் இப்படித்தான் உருவாகிறது. மோடம், கணினி, சிசிடிவி கேமரா எல்லாம் இதே வகை. அதிலும் ஹெச்.டி.எம்.ஐ., லேன் இணைப்புகளின் பின்னால் உள்ள சில்லுகள் ஓரிரு வோல்ட்டில் வேலை செய்பவை. 230 வோல்ட்டைத் தாங்கும் மின்விசிறிக் காயில் பிழைக்கும் இடத்தில் இவை பிழைப்பதில்லை.

ஃபைபர் இணையம் வந்த வீடுகளில் ஒரு நன்மை உண்டு. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் மோடத்தின் அடாப்டர் மின்சாரத்தில்தான் செருகப்பட்டிருக்கிறது. அங்கிருந்து லேன் கம்பி கணினிக்குப் போனால் ஆபத்தும் கூடவே போகும்.

சுவிட்சின் இடைவெளி எவ்வளவு?

இப்போது மாணவரின் கேள்விக்கு வருவோம். ரிமோட்டில் அணைத்த டிவி அணையவே இல்லை. அதன் மின்சுற்று விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. சுவர் சுவிட்சை அணைத்தால்? நம் வீடுகளின் சாதாரண சுவிட்சு ஃபேஸ் கம்பியை மட்டுமே துண்டிக்கும். நியூட்ரலும் எர்த்தும் இணைந்தபடியே இருக்கும். அவற்றின் வழியாக வருவதைச் சுவிட்சு தடுக்காது.

துண்டித்த ஃபேஸ் கம்பியிலும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான். ஒரு சென்டிமீட்டர் காற்று இடைவெளியைத் தாண்டச் சுமார் 30,000 வோல்ட் தேவை. 3 மில்லிமீட்டருக்குச் சுமார் 10,000 வோல்ட் போதும். மேகத்திலிருந்து நிலம்வரை காற்றைப் பிளந்து வந்த மின்னலுக்கு இந்த இடைவெளி ஒரு பொருட்டல்ல. பிளக்கைக் கழற்றி ஓர் அடி தள்ளி வைத்தால் இடைவெளி நூறு மடங்கு கூடுகிறது, மூன்று கம்பிகளும் ஒன்றாகத் துண்டிக்கப்படுகின்றன. அதோடு கேபிள் அல்லது டிஷ் கம்பியையும் கழற்றினால்தான் வேலை முழுமை பெறும். பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டுக் கேபிள் கம்பியை விட்டுவைப்பது முன்கதவைப் பூட்டிப் பின்கதவைத் திறந்து வைப்பது போல.

மெயின் சுவிட்சை இறக்கினால் ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் துண்டிக்கப்படும். அது சுவர் சுவிட்சைவிட மேல். ஆனால் அப்போதும் கேபிள் கம்பி இணைந்தே இருக்கும்.

எம்.சி.பி. இருக்கிறது, ஸ்டெபிலைசர் இருக்கிறது

இப்படிச் சொல்லும் பெற்றோர் பலர். இந்தக் கருவிகளின் வேலை வேறு. எம்.சி.பி. மிகை மின்னோட்டத்தைத் துண்டிக்கும். அதற்குச் சில மில்லி விநாடிகளாவது வேண்டும். கசிவு மின்னோட்டத்தைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. மனித உயிரைக் காப்பது, கட்டாயம் வேண்டியது. ஆனால் அதுவும் மில்லி விநாடிக் கணக்கில்தான் இயங்கும். ஸ்டெபிலைசர் மின்னழுத்தம் மெல்ல ஏறி இறங்குவதைச் சரிசெய்யும். மின்னல் சர்ஜ் மைக்ரோ விநாடிகளில் வந்து முடிந்துவிடும். திருடன் போன பிறகு காவலர் விழிப்பது போன்றது இது.

அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பது 'சர்ஜ் புரொடெக்டர்', அதாவது எஸ்.பி.டி. இதனுள் துத்தநாக ஆக்ஸைடால் ஆன வேரிஸ்டர் என்னும் உறுப்பு இருக்கிறது. 230 வோல்ட்டில் மிக அதிக மின்தடை. மின்னழுத்தம் எல்லை தாண்டியதும் மின்தடை சடாரெனக் குறைந்து, மிகை மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும். இதை உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனைக் கொண்டு மெயின் போர்டில் பொருத்த வேண்டும். வீடுகளுக்குப் பெரும்பாலும் 'டைப் 2' பொருந்தும். இணைப்புக் கம்பிகள் மொத்தம் அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். கம்பி நீண்டால் அதன் தூண்டலே பலனைக் குறைத்துவிடும். ஒவ்வொரு அடியையும் தாங்கத் தாங்க வேரிஸ்டர் தேயும். பச்சை அடையாளம் சிவப்பானால் மாற்றிவிட வேண்டும்.

கடையில் 'ஸ்பைக் கார்டு' என்று விற்கப்படும் பெட்டிகளில் சிலவற்றுள் ஒரு ஃபியூசும் சிறு விளக்கும் தவிர வேறெதுவும் இருக்காது. எத்தனை ஜூல் ஆற்றலைத் தாங்கும் என்று அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

எஸ்.பி.டி.க்கு உயிர் எர்த். எர்த் சரியில்லாத வீட்டில் அது திருப்பிவிட வழி இல்லை. எர்த் குழி காய்ந்து கிடப்பது, கம்பி துருப்பிடித்து அறுந்திருப்பது, மூன்று பின் பிளக்கின் நீளமான எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின்னில் செருகுவது ஆகிய மூன்றும் நாம் எங்கும் காண்பவை. ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன் எர்த் மின்தடையை அளந்து பார்க்கச் சொல்லலாம். கட்டடத்தின் மேலுள்ள இடிதாங்கி கட்டடத்தைக் காக்கும். உள்ளே இருக்கும் டிவியைக் காக்காது. பக்கத்தில் செல்போன் டவர் இருப்பதால் நமக்குக் கவலையில்லை என்பதும் தவறான நம்பிக்கை.

நேரடி மின்னலுக்கு எஸ்.பி.டி.யும் முழு உத்தரவாதம் அல்ல. செலவில்லாததும் நம்பத்தக்கதுமான வழி கழற்றி வைப்பதுதான். ஆனால் அது நேரத்தோடு நடக்க வேண்டும்.

எப்போது, யார்?

ஒளி தெரிந்து ஒலி கேட்கும்வரை விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும் என்று நாம் கற்பிக்கிறோம். 30 விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்த மின்னல் நம் தெருவில் விழலாம். அந்த நேரத்தில் பிளக்கையோ கேபிள் கம்பியையோ தொடுவது, சர்ஜ் வரும் பாதையில் கையை வைப்பதாகும். ஆகவே விதி இதுதான்: வானம் கறுக்கும்போதே கழற்ற வேண்டும், இடி கேட்கத் தொடங்கிவிட்டால் கழற்றக் கூடாது. கழற்றாமல் விட்டது விட்டதாகவே இருக்கட்டும்.

கழற்றுவது பெரியவர்களின் வேலை. கை ஈரமில்லாமல், காலில் செருப்போடு, முதலில் சுவிட்சை அணைத்து, பிறகு பிளக்கைப் பிடித்து இழுக்க வேண்டும்; கம்பியைப் பிடித்து அல்ல. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகே மீண்டும் செருக வேண்டும். ஃபிரிட்ஜின் கதவைத் திறக்காமல் வைத்தால் நான்கு மணி நேரம் குளிர்ச்சி நிற்கும். உணவு கெட்டுவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். செல்போன் மின்னலை இழுக்காது. ஆனால் சார்ஜரில் செருகிய போனில் பேசுவது ஆபத்து. புனேவிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி, 20, 40 கிலோமீட்டர் சுற்றளவில் மின்னல் இருந்தால் எச்சரிக்கும். பெற்றோரின் போனில் அதை நிறுவச் சொல்லலாம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் மின்னலுக்குப் பலியானோர் 2,887 பேர். சாதனங்களைப் பற்றிப் பேசும்போதும் இந்த எண்ணை வகுப்பில் சொல்லாமல் நான் விடுவதில்லை.

ஒரு செயல்பாடு

என் வகுப்பில் 'கம்பி வரைபடம்' என்று ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். மாணவர் தம் வீட்டின் படத்தை வரைந்து, வெளியிலிருந்து உள்ளே வரும் ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு வண்ணத்தில் குறிக்க வேண்டும். எதையும் தொடக்கூடாது, பார்த்தால் போதும். "ஒரே கம்பிதான் சார்" என்று போகிறவர்கள் மறுநாள் மின்சாரம், கேபிள், இணையம், கிணற்று மோட்டார் என்று நான்கை எண்ணி வருகிறார்கள். இரண்டு வண்ணங்கள் சந்திக்கும் சாதனத்துக்கு வட்டமிடச் சொன்னால், ஆபத்து எங்கே என்பதை அவர்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள். படத்தின் கீழே இரண்டு வரி எழுத வேண்டும்: மழைக்கு முன் இவற்றைக் கழற்றுபவர் யார்? அவர் வீட்டில் இல்லாதபோது யார்? பெற்றோரின் கையொப்பமும் வேண்டும்.

இதே வரைபடத்தை நம் பள்ளிக்கும் வரையலாம். ஸ்மார்ட் வகுப்பறைத் திரை, உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகள், யு.பி.எஸ்., இணைய மோடம் ஆகியவற்றின் இணைப்புகளை மழைக்காலத்தில் மாலை மணி அடித்ததும் கழற்றுவது யார் பொறுப்பு என்று ஒரு பெயரை எழுதி, அறைக் கதவின் உட்புறம் ஒட்டிவிடலாம். வெள்ளி மாலையும் விடுமுறைக்கு முந்தைய நாளும் இதில் கட்டாயம் சேர வேண்டும்.