சீசன் கூட்டத்துக்கு நிரந்தரக் கடை வேண்டுமா?

கடையைப் பெருப்பிக்க ஆலோசனை கேட்டு வருவோரிடம் நான் லண்டன் நீச்சல் அரங்கைப் பற்றிச் சொல்வதுண்டு. 2012 ஒலிம்பிக்கின்போது நீச்சல் போட்டிகளையும் நீரில் பாயும் போட்டிகளையும் அங்கு 17,500 பேர் இருந்து பார்க்க முடிந்தது. பக்தாத்தில் பிறந்த கட்டடக் கலைஞர் ஸஹா ஹதீத் வடிவமைத்த அரங்கு அது. ஆனால், பெரும்பாலான இருக்கைகள் இரு பக்கமும் தற்காலிகமாகப் பொருத்தப்பட்டவை. போட்டிகள் முடிந்ததும் அவற்றைக் கழற்றிவிட்டார்கள். 2014 மார்ச்சில் பொதுமக்களுக்குத் திறந்தபோது மிஞ்சியவை 3,000க்கும் குறைவு. நாளாந்தம் நீந்த வருவோருக்குத் தேவையான தடாகங்கள் மட்டும் அப்படியே இருந்தன.

நம்மவர்களோ பெருநாள் சீசன் நெரிசலைப் பார்த்து, கடன்பட்டுப் பக்கத்துக் கடையையும் வாங்கிவிடுகிறார்கள். சீசன் ஒரு மாதம். தவணையோ பன்னிரண்டு மாதமும். சாதாரண நாள் வியாபாரத்துக்குத் தேவையானதை வாங்குங்கள். சீசனுக்கு வாடகை இடம் போதும்.