பதிகம் தேடும் இலக்கணம்

திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலில் பாணினியின் இலக்கணத்தைப் பாடம் சொல்லவே ஒரு மண்டபம் இருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகள் அதை வியாகரணதான மண்டபம் என்கின்றன. அந்த ஊர்ப் பதிகங்களைக் கணினியில் தேடப் போனாலும் இலக்கணத்தில்தான் வந்து நிற்கிறோம்.

தேவாரத்தை எக்ஸ்எம்எல் கோப்பாக்குவதாக வைத்துக்கொள்வோம். பதிகம், தலம், பண் என்று தமிழிலேயே குறிச்சொற்கள் வைக்கலாம். பிறகு,

//பதிகம்[தலம்='திருவொற்றியூர்']

என்று கேட்டால் தேவாரம் பாடிய மூவரும் ஒற்றியூருக்குப் பாடியவை வந்துவிடும். இப்படிக் கேட்கும் மொழிதான் எக்ஸ்பாத். எக்ஸ்எஸ்எல்டிக்குள்ளும் எக்ஸ்குவெரிக்குள்ளும் இது உட்கார்ந்திருக்கும். எக்ஸ்எஸ்எல்டி கோப்பை வலைப்பக்கமாகவோ வேறு வடிவமாகவோ மாற்றித் தரும். தானும் எக்ஸ்எம்எல் என்பதால் அதில் 'சிறியது' என்ற குறியை நேராகப் போட முடியாது, மாற்றெழுத்தில்தான் எழுதவேண்டும். தேடல்மொழியான எக்ஸ்குவெரிக்கு அந்தத் தொல்லை இல்லை.

1999 நவம்பர் 16 அன்று வந்த முதல் எக்ஸ்பாத்தில் 'இப்படியானால் இது, இல்லையேல் அது' என்று சொல்லக்கூட வழியில்லை. 2007 ஜனவரி 23 அன்று எக்ஸ்பாத் 2.0, எக்ஸ்எஸ்எல்டி 2.0, எக்ஸ்குவெரி 1.0 மூன்றும் ஒன்றாக வெளிவந்தபோதுதான் அது கிடைத்தது. இடைவிடைக்குப் பெயர் வைக்கும் 'லெட்' எக்ஸ்குவெரியில் அன்றே இருந்தது. எக்ஸ்பாத் 2014 வரை காத்திருந்தது.

மூன்றுக்கும் பொதுவான ஒரு பொறி சமக்குறி. 'தலங்களில் ஒன்றாவது இதுவா' என்பதே அதன் பொருள். ஒற்றியூர் அல்லாதவை வேண்டுமென்று

//பதிகம்[தலம்!='திருவொற்றியூர்']

என்று எழுதினால் 'ஒன்றாவது வேறு ஊரா' என்று கேட்டதாகிவிடும். தலம் தலமாக அடுக்கும் அப்பரின் க்ஷேத்திரக்கோவை போன்ற பதிகத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தலம் குறித்திருந்தால், ஒற்றியூரும் அதில் இருந்தாலும், அது உள்ளே வரும். ஊரே குறிக்காத பொதுப்பதிகமான அவருடைய நமச்சிவாயப் பதிகமோ விடுபட்டுப்போகும். சமக்குறியோடு கேட்டு, அந்தக் கேள்வி முழுவதையும் 'நாட்' என்று மறுப்பதே சரி.

2007இல் வந்த 'ஈக்யூ' ஒன்றுக்கு ஒன்றை மட்டும் ஒப்பிடும். இரண்டு தலம் எதிர்ப்பட்டால் பிழை என்று நின்றுவிடும். பாடபேதம் பார்த்துப் பதிப்பிக்கும் வேலையில், தப்பான பட்டியலைவிட அப்படி நின்றுபோவதையே நான் விரும்புவேன்.