பழைய மோட்டார் காரின் மெய்ச் சாட்சிகள்

பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய ஒரு மோட்டார் காரை விலைக்கு வாங்க எண்ணுகிறவர் முதலில் பார்ப்பது அதன் பளபளப்பை. அடுத்துப் பார்ப்பது கிலோமீட்டர் காட்டும் எண்ணை. இவ்விரண்டுமோ, விற்பனைக்கு முந்திய ஒரே வாரத்தில் வேண்டியபடி மாற்றிவிடக் கூடியவை. பாலிஷ் போட்டால் பளபளப்பு வந்துவிடும். மின்னணு மீட்டரில் ஓட்டத்தைக் குறித்து வைக்கும் சிறு சில்லை, அதற்குரிய கருவி வைத்திருப்பவர் சில நிமிஷங்களில் திருத்தி, 1,40,000-ஐ 60,000 ஆக்கிவிடுவார். ஆனால் இரும்பும் ரப்பரும் கண்ணாடியும் எண்ணெயும் அவ்வளவு எளிதில் வசப்படுவனவல்ல. பௌதிக, ரசாயன நியதிகளுக்குக் கட்டுப்பட்ட அப்பொருள்கள், தாம் பட்ட பாட்டையெல்லாம் தம்மிடமே பதித்து வைத்துக்கொள்கின்றன. சேமிப்பு முழுவதையும் திரட்டித் தன் முதல் காரை வாங்கப் போகும் குடும்பத்துக்கு, அந்தப் பதிவுகளைப் படிக்கத் தெரிவதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

தகட்டிலிருந்து தொடங்குவோம். தொழிற்சாலையில் பூசப்படும் வர்ணம், அடிப்பூச்சு முதல் மேற்பூச்சு வரை எல்லாம் சேர்ந்து, பெரும்பாலான கார்களில் சுமார் 100 முதல் 150 மைக்ரான் கனமே இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மோதி நசுங்கிய கதவை டிங்கர் வேலை தெரிந்தவர் தட்டி நிமிர்த்தி, மேடுபள்ளம் தெரியாமலிருக்கப் பட்டி வைத்துத் தேய்த்து, அதன்மேல் வர்ணம் அடிக்கும்போது, அந்தக் கனம் பல மடங்காகி, சில இடங்களில் 1,000 மைக்ரானையும் தாண்டிவிடும். காந்தத் தூண்டல் தத்துவத்தில் இயங்கும் கையடக்கக் கருவி ஒன்று, வர்ணத்துக்கு அடியில் இரும்பு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை உடனே எண்ணாகக் காட்டும். அது இல்லாதவர், மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தைத் தகட்டின்மேல் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கலாம்; காந்தத்தின் இழுவிசை தூரம் கூடக்கூட வெகு வேகமாகக் குறைவதால், பட்டி தடித்த இடத்தில் அது பிடிப்பற்று நழுவும். பிளாஸ்டிக் பம்பரிலும் அலுமினியத் தகட்டிலும் இந்தப் பரீட்சை செல்லாது.

ஒரு கதவில் பட்டி இருப்பது பெரிய தோஷமன்று. நகர நெரிசலில் ஓடிய வண்டிக்கு அது சகஜம். மனிதரைக் காக்கும் எலும்புக்கூடு எங்கே ஒட்டுப்போடப்பட்டிருக்கிறது என்பதே உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. கதவு ரப்பரைச் சற்று விலக்கினால் கூரையைத் தாங்கும் பில்லரின் விளிம்பும், பானெட்டைத் திறந்தால் எஞ்சின் அறையின் பக்கச்சுவரான ஏப்ரன் தகடும் கண்ணுக்குத் தெரியும். அங்கே தொழிற்சாலை இட்ட புள்ளி வெல்டிங் சீரான இடைவெளியில், சிறு வட்டப் பள்ளங்களாக வரிசை பிசகாமல் செல்ல வேண்டும். அவ்வரிசை ஒரு பக்கத்தில் மட்டும் மறைந்து, கோணல்மாணலான வெல்டிங் தழும்போ, பிசின் பூச்சோ காணப்படுமானால், அந்தப் பக்கம் பலத்த அடிபட்டது என்று கொள்ளலாம். அப்படிப்பட்ட தகடு, அடுத்த மோதலில் தான் மடங்க வேண்டிய விதத்தில் மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் என்று நம்புவதற்கில்லை. விலை எவ்வளவு குறைந்தாலும் அதை விட்டுவிடுவதே உசிதம்.

துரு மற்றொரு சாட்சி. இரும்பு, நீர், பிராணவாயு மூன்றும் சேர்ந்தால் நிகழும் மின்ரசாயன மாறுதலே துருப்பிடித்தல். கடற்காற்றிலுள்ள உப்பு, ஈரத்தின் மின்கடத்துந் திறனைப் பெருக்கி அதைத் துரிதப்படுத்துகிறது. ஆகவே கடலோரத்தில் வெயிலிலும் பனியிலும் நின்ற வண்டிக்கும், கோயம்புத்தூர்ப் பக்கம் கூரைக்கு அடியில் நின்ற வண்டிக்கும், வயது ஒன்றானாலும் தகட்டின் ஆயுள் ஒன்றாக இராது. தான் தின்ற இரும்பைவிடத் துரு அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், சுவரில் வேர்விட்ட ஆலங்கன்று காரையைப் பிளப்பதுபோல் அது வர்ணத்தை உள்ளிருந்து தள்ளிக் கொப்புளமாக எழுப்பும். கதவின் அடிவிளிம்பையும், கால்மிதிக்கு அடியிலுள்ள தரைத்தகட்டையும் விரலால் அழுத்திப் பார்க்காமல் வரக்கூடாது.

2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொணர்ந்த வெள்ளத்திலும் நின்ற கார்களைப் போன்றவை கழுவி உலர்த்தப்பட்டு வெளியூர்ச் சந்தைக்கும் வரக்கூடும். முன் இருக்கையின் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சுருளின் உள்ளே கிடந்த பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் நீர் அவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது. இருக்கைத் தண்டவாளத்தின் துருவும், வயர் இணைப்புகளில் பூத்த பச்சைக் களிம்பும் அதையே உறுதிப்படுத்தும். காற்றுப்பையை இயக்கும் மின்னணுப் பெட்டி பல கார்களில் நடுவில் தரையோடு ஒட்டி இருப்பதை நினைத்தால், இது வெறும் துர்நாற்றப் பிரச்சினை அன்று என்பது விளங்கும்.

இனி எஞ்சின். நீங்கள் போய்ச் சேரும்போது பானெட் சூடாக இருந்தால், யாரோ முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பி வருவது உத்தமம். ஏனெனில் எஞ்சின் தன் வியாதியை வெளிப்படையாகச் சொல்வது குளிர்ந்த நிலையில் முதன்முதலாக உயிர்பெறும் அந்தச் சில விநாடிகளில்தான். வால்வு சீல் தேய்ந்திருந்தால் இரவெல்லாம் கசிந்து இறங்கிய எண்ணெய் எரிந்து நீலப்புகை ஒரு வீச்சாக வந்து மறையும். பிஸ்டன் வளையங்களே தேய்ந்திருந்தால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் போதெல்லாம் அந்த நீலம் தொடரும். கரும்புகை, எரிபொருள் முற்றும் எரியாமையின் குறி. குளிர்காலையில் சிறிது வெண்ணீராவி இயல்பே. எஞ்சின் நன்கு சூடேறிய பின்னும் வெண்புகை நில்லாமல் வந்தால், ஹெட் கேஸ்கட் வழியே கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்குகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். டீசல் வண்டியில் எண்ணெய் கறுத்திருப்பது குற்றமில்லை; எந்த வண்டியிலும் அது பால் கலந்த காப்பி நிறத்தில் குழம்பியிருப்பதே குற்றம். எஞ்சின் ஓடுகையில் எண்ணெய் மூடியைத் திறக்க, அங்கிருந்து புகை விட்டுவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தால், மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது’ என்பார்கள்; எரிதலின் அழுத்தம் வளையங்களைத் தாண்டிக் கீழே கசிகிறது என்பது அதன் பொருள். சந்தேகம் தீர, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் மானி வைத்து அளக்கச் சொல்லலாம். அளவுகள் தம்முள் வெகுவாக மாறுபடாமல் இருப்பதே ஆரோக்கிய லட்சணம்.

வயதை அறிய டயரின் பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்கங்கள் உதவும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் வார்த்தது. முப்பதாயிரம் கிலோமீட்டரே ஓடியதாகச் சொல்லும் காரில், பிரேக் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஸ்டீயரிங்கின் தோல் மினுங்கினால், மீட்டரை நம்பாமல் அவற்றையே நம்புக. ஜன்னல் கண்ணாடிகளில் ஒன்றன் தயாரிப்புக் குறி மட்டும் மற்றவற்றோடு ஒவ்வாமல் இருந்தால், அது ஏன் மாற்றப்பட்டது என்று கேட்பது நியாயம்.

பத்திரங்களைப் பார்க்கும் முறையும் இதே சூட்சுமத்தில் அடங்கும். ஒன்று சொல்வதை மற்றொன்று ஒப்புகிறதா என்பதே கேள்வி. சேஸிஸ் எண் 17 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. 1, 0 என்னும் இலக்கங்களோடு மயங்காதபடி ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் அதில் இடம்பெறுவதில்லை. தகட்டில் பொறித்ததும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். பொறித்த இடத்தில் தேய்ப்புத் தடம் இருந்தால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம். கார் கடனுக்கு ஈடாகப் பதிவாகியுள்ளதா என்பதும் இன்ஷூரன்ஸ் காலமும் அரசின் வாகன் தளத்தில் தெரியும். பழைய இன்ஷூரன்ஸ் பாலிசியைக் கேட்டு வாங்கிப் பார்ப்போர் சிலரே. ஆனால் அதில் ‘நோ கிளெய்ம் போனஸ்’ 50 சதவீதம் என்றிருந்தால், விற்பவர் தொடர்ந்து ஐந்து வருஷங்களுக்குக் குறையாமல் இழப்பீடு எதுவும் கோரவில்லை என்று அது ஒன்றே சொல்லிவிடும். 15 வருஷம் முடிந்த கார், தகுதிப் பரிசோதனைக்குப் பின்பே ஐந்து ஐந்து வருஷங்களாகப் பதிவு நீட்டிப்புப் பெறும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்ததால், அச்செலவையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

பணம் கைமாறிய அன்றே, உரிமை மாற்றத்துக்குரிய படிவம் 29-லும் 30-லும் கையெழுத்துகள் முடிந்து, அவை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு கார் பலர் கைமாறியும் பதிவு மாற்றப்படாதிருக்க, அது விபத்துக்குள்ளாகிய வழக்கொன்றில், பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. அந்த ஆபத்து விற்பவரைச் சார்ந்தது. தம் பெயரில் மாறாத காரை வாங்கியவரோ, அடுத்த முறை அதை விற்க முற்படும்போது, என்றோ ஊர் மாறிப் போய்விட்ட ஒருவரின் கையெழுத்துக்காக அலைய நேரும்.