உப்புக் காற்றும் செல்ஃப் மோட்டாரும்

கடலூர் முதுநகரிலோ தேவனாம்பட்டினத்திலோ இரவெல்லாம் வெளியில் நின்ற கார் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்றால், மோட்டாரைக் கழற்ற அவசரப்பட வேண்டாம். முதலில் பானட்டைத் திறந்து பேட்டரி டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறதா? அப்படியானால் பழுது அங்கேயே இருக்க வாய்ப்பு அதிகம். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை சாலை கடற்கரைக்கு இணையாகவே தெற்கே இறங்குகிறது. இந்தக் காற்றில் வாழும் வண்டிக்கு உப்பும் ஈரமும் தினசரிச் சாப்பாடு. மீன் ஏற்றும் வண்டியென்றால் ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் வேறு அடியில் சொட்டிக்கொண்டே போகும்.

நின்றுகிடக்கும் எஞ்சினுக்குத் தானாகச் சுழலத் தெரியாது. பிஸ்டன் ஒருமுறையாவது காற்றை உள்ளிழுத்து அழுத்தினால்தான் எரிபொருள் பற்றும். அந்த முதல் சுற்றை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். பழைய கார்களில் முன்பக்கம் ஹேண்டிலைச் செருகிச் சுற்றுவார்கள். எஞ்சின் எதிர்ப்பக்கமாக உதைத்தால் மணிக்கட்டு முறியும். இந்த ஆபத்துக்கு முடிவுகட்டியவர் அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங். அவர் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டு கேடிலாக் கார்களில் வந்தது. அதற்கு முன் அவர் கடைகளின் கல்லா இயந்திரத்துக்கு மின்மோட்டார் பொருத்தியவர். கல்லா மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை, ஒரு கணம் முழு பலத்தோடு திரும்பினால் போதும். காருக்கும் அதே உத்திதான்: சின்ன மோட்டாருக்குள் அதன் தகுதிக்கு மீறிய மின்சாரத்தைச் சில நொடிகள் மட்டும் பாய்ச்சுவது. பத்து நொடிக்கு மேல் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கக் கூடாது என்று மெக்கானிக் திட்டுவது இதனால்தான். காயில் கருகிவிடும்.

சாவியைத் திருப்பியதும் மின்சாரம் முதலில் போவது மோட்டாருக்கு அல்ல, அதன் மேல் உட்கார்ந்திருக்கும் சாலினாய்டுக்கு. இது ஒரு மின்காந்தம். இரண்டு வேலை செய்கிறது. பட்டறையில் பெண்டிக்ஸ் என்று சொல்லும் சின்னப் பல்சக்கரத்தைத் தள்ளி, எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீலின் ரிங்கோடு கோக்கிறது. கூடவே ஒரு தாமிர வட்டைத் தள்ளி இரண்டு தடித்த போல்ட்டுகளை இணைக்கிறது. அப்போதுதான் பேட்டரியின் முழு மின்சாரம் மோட்டாருக்குள் இறங்கும். பெண்டிக்ஸில் பத்துப் பல் போல இருக்கும், ரிங்கில் நூறுக்கு மேல். ஆகவே மோட்டார் பத்துச் சுற்றுக்கும் மேல் சுற்றினால் எஞ்சின் ஒரு சுற்று நகரும். எஞ்சின் பற்றிக்கொண்டு வேகமெடுத்ததும் அது மோட்டாரைத் திருப்பிச் சுழற்றிச் சிதறடித்துவிடாமல் இருக்க, பெண்டிக்ஸுக்குள் ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் கிளட்ச் உண்டு.

இவ்வளவு தெரிந்தால் காதே பாதிக் கருவி. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். ஒரு சத்தமும் இல்லை, விளக்கும் மங்கவில்லை என்றால் சாலினாய்டுக்கே மின்சாரம் வரவில்லை. ஃபியூஸ், ரிலே, சாவி சுவிட்ச் என்று தேட வேண்டும். விர்ரென்று மோட்டார் மட்டும் சுற்றி எஞ்சின் அசையாவிட்டால் பெண்டிக்ஸ் வழுக்குகிறது. கரகரவென்று இரும்பு அரைபட்டால் ரிங்கின் பல் தேய்ந்திருக்கிறது. அதற்கு கியர்பாக்ஸை இறக்க வேண்டும், செலவு பெரிது.

சுவையானது ‘டக்டக்டக்டக்’ என்று விடாமல் அடிப்பதுதான். சாலினாய்டு இழுக்கிறது, தாமிர வட்டு போல்ட்டைத் தொடுகிறது, மோட்டார் பேட்டரியை உறிஞ்சுகிறது, வோல்டேஜ் சரிகிறது, காந்தம் பிடி விடுகிறது, ஸ்பிரிங் பின்னுக்குத் தள்ளுகிறது. பாரம் நீங்கியதும் வோல்டேஜ் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது இணைப்பு சரியில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. ஆனால் ஒரே ஒரு ‘டக்’, விளக்கும் மங்கவில்லை என்றால், தாமிரத் தொடர்பு கருகியிருக்கலாம், மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் தேய்ந்திருக்கலாம், எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை துருவேறியிருக்கலாம். கடலோரத்தில் நான் கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் பார்ப்பேன்.

“விளக்கு பளிச்சென்று எரிகிறதே, டெர்மினலில் என்ன கோளாறு இருக்க முடியும்?” என்று கேட்பவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. பூத்துப்போன டெர்மினலின் மின்தடை 0.02 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஹெட்லைட்டுக்கும் சேர்த்து 10 ஆம்பியர் ஓடினால் அங்கே இழப்பது 0.2 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. செல்ஃப் மோட்டாருக்கு 150 ஆம்பியர் ஓடினால் அதே இடத்தில் 3 வோல்ட் போய்விடும். 12 வோல்ட்டில் கால் பங்கு! வீணான அந்த மின்சாரம் 450 வாட் சூடாக மாறுகிறது. நாலைந்து முறை முயன்ற பிறகு டெர்மினலில் கை வைத்தால் சுடுவது இதனால்தான்.

மல்டிமீட்டர் இருந்தால் ஊகமே வேண்டாம். ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் ஈயக் கம்பத்திலும் மறுமுனையை மோட்டாருக்குள் போகும் தடித்த போல்ட்டிலும் வைத்து, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ மின்தடை இருக்கிறது. எஞ்சின் உடலுக்கும் நெகட்டிவ் கம்பத்துக்கும் இடையே இதைவிடக் குறைவாகவே காட்ட வேண்டும். நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றி, டெர்மினல்களை ஆப்பசோடா கலந்த வெந்நீரில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முடுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினால் வேலை முடிந்தது.

மோட்டாரேதான் பழுது என்றாலும் புதிதாக வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. சென்னை பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் போன்ற நிறுவனங்களின் மோட்டார்கள் கழற்றிப் பூட்டத் தக்கவை. கார்பன், புஷ், பெண்டிக்ஸ், சாலினாய்டு எல்லாம் தனித்தனியே கிடைக்கும். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் கார்பன் உரசும் காமுட்டேட்டரை லேத்தில் லேசாகக் கடைந்து, தாமிரப் பட்டைகளுக்கு இடையிலான மைக்காவைச் சுரண்டித் தாழ்த்துவார். அதைச் செய்யாவிட்டால் புதுக் கார்பனும் சீக்கிரம் தேயும். சுத்தியலால் மோட்டாரைத் தட்டினால் செல்ஃப் எடுப்பது உண்மைதான். தேய்ந்த கார்பன் நகர்ந்து ஒருமுறை ஒட்டிக்கொள்கிறது. ஆனால் இப்போதைய மோட்டார்கள் பலவற்றில் ஃபீல்ட் காயிலுக்குப் பதில் நிலைக்காந்தம் இருக்கிறது. பலமாகத் தட்டினால் அது விண்டுபோகும்.

வெள்ளம் வேறு கதை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து தென்பெண்ணை ஆறு கடலூருக்குள் புகுந்தது. சிதம்பரமோ வடக்கே வெள்ளாற்றுக்கும் தெற்கே கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிறது. செல்ஃப் மோட்டார் கியர்பாக்ஸ் ஓரமாகத் தாழ்வாக இருப்பதால் சீக்கிரமே மூழ்கும். வண்டல் உள்ளே காய்ந்து, புஷ்ஷில் ஷாஃப்ட் இறுகி, பெண்டிக்ஸ் நகராமல் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் வடிந்த மறுநாளே சாவியைத் திருப்பிப் பார்ப்பதுதான் பெரிய ஆபத்து. ஏர் ஃபில்ட்டர் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அது காற்றைப் போல அமுங்காது. ஒரு சிலிண்டர் பற்றிக்கொண்டாலும் போதும், தண்ணீர் நிற்கும் சிலிண்டரின் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி ஒயரைக் கழற்றி, வண்டியைக் கட்டியிழுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். பெட்ரோல் வண்டியென்றால் அங்கே ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிட்டு, முன்புறப் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் மாட்டி எஞ்சினைக் கையாலேயே திருப்புவார்கள். தண்ணீர் இருந்தால் பிளக் ஓட்டை வழியாக வெளியே வரும். ஆயிலையும் பார்த்து மாற்றிய பிறகுதான் செல்ஃப் மோட்டாரின் முறை.