இரைச்சலைக் கழித்தல்

ஹைட்ரஜன் அணு ஒரு சின்ன ஒலிபரப்பு நிலையம். புரோட்டானோடு ஒரே திசையில் சுழலும் எலெக்ட்ரான் தலைகீழாகப் புரளும்போது 21 சென்டிமீட்டர் நீள ரேடியோ அலை வெளிப்படுகிறது. நெதர்லாந்து நாஜி ஆக்கிரமிப்பில் கிடந்த 1944இல் வான் டெ ஹல்ஸ்ட் இதைக் கணித்துச் சொன்னார். 1951இல் ஹார்வர்டில் கேட்டுவிட்டார்கள்.

1420 மெகாஹெர்ட்ஸில் கிளம்பும் அலை, பிரபஞ்சம் விரிய விரியத் தானும் நீள்கிறது. எந்த அலைவரிசையில் வந்து சேர்கிறதோ அதுவே அது புறப்பட்ட காலத்துக்குச் சாட்சி. முதல் நட்சத்திரங்களின் காலத்துச் சமிக்ஞை நம்ம எஃப்.எம். அலைவரிசையிலும் அதற்குச் சற்றுக் கீழேயும் வந்து விழும். வாயு எங்கே திரண்டது, எங்கே வெறுமையானது என்று அந்தக் காலத்துக்கு வரைபடம் போட இதைவிட்டால் வேறு வழி அதிகமில்லை.

சிக்கல் என்னவென்றால், பால்வீதி போடும் ரேடியோக் கூச்சல் இதைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரியது. கூச்சலைக் கழித்தால் மிஞ்சுவது சமிக்ஞை. சரி, கழிப்பவர் யார்? எதை வைத்துக் கழிக்கிறார்?

மேற்கு ஆஸ்திரேலியாவில், வஜாரி யமாஜி மக்களின் நிலத்தில், மேஜை அளவு ஆன்டெனா ஒன்றை வைத்து எட்ஜஸ் குழு 2018இல் ஓர் அறிவிப்புச் செய்தது: 78 மெகாஹெர்ட்ஸில் ஒரு பள்ளம். பெருவெடிப்புக்குப் பின் சுமார் 18 கோடி ஆண்டில், நட்சத்திர ஒளி பட்ட குளிர்ந்த ஹைட்ரஜன் பின்னணிக் கதிர்வீச்சை உறிஞ்சிய தடம். பள்ளம் எதிர்பார்த்ததுதான். ஆழம் அரை கெல்வின். அதுதான் கோட்பாடு அனுமதித்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். உடனே, இருள்பொருள் வாயுவைக் குளிர்வித்திருக்கும் என்று விளக்கங்கள் கிளம்பின.

பெங்களூர் ராமன் ஆய்வு நிறுவனத்தாரின் கவலை ஆன்டெனாவுக்கு அடியில் இருக்கிற மண்ணைப் பற்றியது. மண் அடுக்கடுக்கானது, அடுக்குகள் திருப்பி அனுப்பும் அலையே அளவீட்டில் மேடுபள்ளம் காட்டக்கூடும். தண்ணீர் சீரானது. ஆகவே சரஸ் 3 என்ற கூம்பு ஆன்டெனாவை மிதவையில் ஏற்றி, 2020இல் கர்நாடகத்தின் தண்டிகனஹள்ளி ஏரியிலும் ஷராவதி அணைநீரிலும் விட்டார்கள். (ஷராவதியில் அணை கட்டியபோது மூழ்கிய ஊர்கள் பல. ஆய்வுக்கட்டுரைக்கு அது தேவையில்லை, நமக்குத் தேவை.) 2022இல் முடிவு வந்தது: எட்ஜஸ் சொன்ன பள்ளம் இல்லை, 95.3 விழுக்காடு உறுதி.

‘பார்த்தீர்களா, விஞ்ஞானமும் ஒரு புனைவுதான்’ என்று நண்பர்கள் சிலர் துள்ளுவார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. புனைவை இன்னொரு ஊர் ஏரியில் மிதக்கவிட்டுப் பொய்யாக்க முடியாது. 95.3 நூறும் அல்ல. பள்ளம் இல்லாததை வைத்தே, முதல் கேலக்ஸிகள் ரேடியோவில் எவ்வளவு பிரகாசமாக இருந்திருக்க முடியாது என்றும் அதே ஆண்டில் கணக்கிட்டார்கள்.