நிகழ்த்துகை மென்பொருளில் மக்ரோக்களின் தன்னியக்கம்

ஒரு தொழிலைச் செய்பவன் ஒருவன். அதனைச் செய்யுமாறு ஏவுபவன் மற்றொருவன். தமிழிலக்கணம் இவ்விருவரையும் முறையே இயற்றுதற் கருத்தா எனவும் ஏவுதற் கருத்தா எனவும் பிரித்துணர்த்தும். கோயிலைத் தச்சன் கட்டினான் என்பதும் பொருந்தும். அரசன் கட்டினான் என்பதும் பொருந்தும். கணினி வழக்கிற்கு வந்தபின் இப்பாகுபாடு புதியதொரு சிக்கலைப் பெற்றது. கணினி இயற்றுதற் கருத்தாவாய் நிற்கின்றது என்பதில் ஐயமில்லை. ஆயின் அதனை ஏவினவர் யாவர் என்பது எப்பொழுதும் வெளிப்படையன்று. ஒருவர் ஒரு கோப்பைத் திறக்கின்றார். திறந்த அளவிலே அவர் கேளாத வினையொன்று நிகழ்கின்றது. அவ்வினையை ஏவியவர் திறந்தவரா, கோப்பினை எழுதியவரா, மென்பொருளை ஆக்கியவரா? நிகழ்த்துகை மென்பொருளில் மக்ரோக்கள் தாமாகவே இயங்கும் முறைமையை ஆராயப் புகுவார்க்கு இவ்வினாவே அடிப்படையாய் அமைகின்றது.

மக்ரோ என்பது யாது? பல செயல்களை ஒழுங்குபடத் தொகுத்து, ஒரு பெயரிட்டு, அப்பெயரைக் கூறிய மாத்திரத்தே அவை யாவும் நிகழுமாறு எழுதி வைக்கப்பட்ட கட்டளைத் தொகுதியே மக்ரோ எனப்படும். நூறு படவில்லைகளுக்குத் தலைப்பின் எழுத்தளவை மாற்ற வேண்டின், கைவேலையாக நூறு முறை செய்தல் வேண்டும். மக்ரோவோ அதனை நொடிப்பொழுதிற் செய்து முடிக்கும். வினாவிடைப் போட்டியொன்றிற் சரியான விடைகளைக் கணக்கிடுதல், ஒவ்வொரு முறையும் வினாக்களின் வரிசையை மாற்றியமைத்தல், அன்றைய திகதியைப் படவில்லையிற் பொறித்தல் முதலியனவும் இதனாற் கைகூடும்.

நிகழ்த்துகை மென்பொருள்களுட் பெரிதும் வழங்குவது பவர்பொயின்ற் ஆகும். றொபேட் காஸ்கின்ஸ், டெனிஸ் ஒஸ்ரின் முதலியோர் போர்தோட் என்னும் நிறுவனத்தில் உருவாக்கிய இம்மென்பொருள் 1987ஆம் ஆண்டில் மக்கின்ரோஷ் கணினிக்கென வெளிவந்தது. அவ்வாண்டிலேயே மைக்ரோசொப்ற் நிறுவனம் போர்தோட்டை 140 இலட்சம் டொலருக்கு வாங்கியது. விண்டோஸ் கணினிகளுக்கான பதிப்பு 1990இல் வந்தது. எனினும் மக்ரோ எழுதுதற்குரிய விசுவல் பேசிக் மொழி எக்செல் மென்பொருளில் 1993ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றுவிட, பவர்பொயின்ற்றில் அது 1997ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான் சேர்க்கப்பட்டது. இப்பிற்பாடு ஒருபுறமிருக்க, இம்மூன்று மென்பொருள்களுக்குமிடையே மற்றுமொரு வேறுபாடு உண்டு. அதுவே ஈண்டு விரித்துரைக்கற்பாலது.

வேர்ட் கோப்பொன்றில் 'ஓட்டோ ஓப்பன்' என்னும் பெயருடன் ஒரு மக்ரோவை எழுதி வைத்தால், கோப்புத் திறக்கப்படும்போது அது தானாகவே இயங்கும். எக்செல்லிலும் அவ்வாறே. அன்றியும், அவ்விரண்டிலும் ஒவ்வொரு கோப்பிற்கும் உரியதான ஒரு நிரற்பகுதி உண்டு. 'திறக்கப்பட்டேன்', 'மூடப்படுகின்றேன்' என்னும் செய்திகள் அப்பகுதியை வந்தடையும். பவர்பொயின்ற்றில் இத்தகைய பகுதி இல்லை. சாதாரண நிகழ்த்துகைக் கோப்பில் 'ஓட்டோ ஓப்பன்' எனப் பெயரிட்டு எதனை எழுதினும் அது அசையாது கிடக்கும். வேர்ட்டிற் பழகியோர் பவர்பொயின்ற்றிற்கு வந்து முதலில் இடர்ப்படுவது இவ்விடத்திலேயாம். நிரல் பிழையற்றது, பெயரும் பிழையற்றது, ஆயினும் கோப்பைத் திறக்கும்போது யாதும் நிகழ்வதில்லை.

இக்குறையை நிரப்புதற்கு வழிகள் சில உள. அவற்றுள் முதலாவது துணைநிரல் ஆகும். பவர்பொயின்ற் 'ஓட்டோ ஓப்பன்' என்னும் பெயரை மதிப்பது துணைநிரற் கோப்பில் மாத்திரமே. மக்ரோக்களை எழுதி, கோப்பைத் துணைநிரலாகச் சேமித்து, மென்பொருளின் துணைநிரற் பட்டியலிற் சேர்த்துவிட்டால், மென்பொருள் அதனை ஏற்றுந்தோறும் 'ஓட்டோ ஓப்பன்' இயங்கும். இறக்கும்போது 'ஓட்டோ குளோஸ்' இயங்கும். ஆயின் ஒன்று கருதத்தக்கது. இஃது இயங்குவது துணைநிரல் ஏற்றப்படும்போதேயன்றிக் குறித்த ஒரு நிகழ்த்துகை திறக்கப்படும்போதன்று. மேலும், துணைநிரல் நிறுவப்பட்ட கணினியிலேதான் அது பயன்படும். வீட்டில் நிறுவியது வகுப்பறைக் கணினிக்கு உதவாது.

இரண்டாவது, நிகழ்வுகளைக் கேட்டிருத்தல். ஒரு நிகழ்த்துகை திறக்கப்படுதல், காட்சி தொடங்குதல், அடுத்த படவில்லை தோன்றுதல், காட்சி முடிதல் ஆகிய ஒவ்வொன்றையும் பவர்பொயின்ற் ஒரு நிகழ்வாக அறிவிக்கும். அவ்வறிவிப்பைக் கேட்பதற்கு ஒரு செவி வேண்டும். நிரலிலே தனி வகுப்பொன்றை அமைத்து, மென்பொருளைச் சுட்டும் மாறியொன்றை அதில் வைத்தலே அச்செவியை அமைக்கும் முறையாகும். ஆனால் அச்செவியைத் திறந்துவைக்க வேறொரு மக்ரோ முன்னரே இயங்கியிருத்தல் வேண்டும். தானே இயங்குவதற்கு ஏதுவான ஒன்று, தான் இயங்குதற்குப் பிறிதொன்றை வேண்டி நிற்கின்றது. இம்முட்டுப்பாட்டை நீக்கவே முற்கூறிய துணைநிரலும் இதுவும் இணைத்துக் கையாளப்படுகின்றன: துணைநிரலின் 'ஓட்டோ ஓப்பன்' செவியைத் திறந்து வைக்கும், அதன்பின் எந்த நிகழ்த்துகை திறக்கப்படினும் செய்தி அதனை வந்தடையும். நிரலிற் பிழையேற்பட்டு அது நிறுத்தப்படின் மாறி தன் மதிப்பை இழந்துவிடும், செவியும் மூடிக்கொள்ளும்.

மூன்றாவது, காட்சிக்காலப் பெயர்கள். 'ஒன் சிலைட்சோ பேஜ் சேன்ஜ்' என்னும் பெயருடைய மக்ரோ சாதாரணக் கோப்பிலிருப்பினும், காட்சி நடைபெறுகையிற் படவில்லை மாறுந்தோறும் அழைக்கப்படும். காட்சி முடிவில் அழைக்கப்படும் பெயரும் ஒன்றுண்டு. முதற்படவில்லையில் நிற்கின்றோமா என்பதை மக்ரோவே சோதித்துத் தொடக்க வேலைகளைச் செய்துகொள்ளலாம். வினாவிடைக் காட்சி அமைக்கும் ஆசிரியருக்குத் துணைநிரலின்றியே பயன்படுவது இம்முறையாகும்.

நான்காவது, 2007ஆம் ஆண்டுப் பதிப்புடன் வந்த நாடா அமைப்பைத் துணைக்கொள்ளுதல். மென்பொருளின் மேற்புறத்தே தோன்றும் கட்டளை நாடாவில் ஒரு கோப்பு தனக்கென மாற்றங்கள் செய்துகொள்ளலாம். அம்மாற்றங்களை விவரிக்கும் பகுதி ஏற்றப்படும்போது அழைக்கப்படவேண்டிய மக்ரோவின் பெயரை அதிலே குறித்துவைக்க இயலும். நாடாவை அமைத்தற்கென வந்த வாயில் இவ்வாறு மக்ரோவைத் தொடக்கவும் பயன்படுகின்றது. இவையன்றி, மென்பொருளைக் கட்டளை வரியிலிருந்து தொடங்குங்கால் 'எம்' என்னும் குறியீட்டுடன் கோப்பின் பெயரையும் மக்ரோவின் பெயரையும் கொடுத்து இயக்கும் முறையும் உண்டு.

இங்ஙனம் நேர்வழியில் இல்லாத ஒன்றைச் சுற்றுவழிகளாற் பெறவேண்டியிருத்தல் குறையே என்பர் சிலர். வேர்ட்டின் வரலாற்றை நோக்கின் இதனை வேறொரு கண்கொண்டு காணலாம். 1995ஆம் ஆண்டிற் பரவிய கொன்செப்ற் என்னும் வைரசு 'ஓட்டோ ஓப்பன்' என்னும் அதே பெயரைப் பற்றிக்கொண்டே பிறந்தது. கோப்புத் திறக்கப்பட்டதும் அது இயங்கி, வேர்ட்டின் பொது வார்ப்புருவிற் குடிபுகும். பின்னர்ச் சேமிக்கப்படும் கோப்புகளையும் பற்றும். அதனால் விளைந்த கேடு சிறிதே. ஆயின் எழுத்தாவணம் ஒன்றினுள் வைரசு வாழக்கூடும் என்பதை அது உலகிற்குக் காட்டிவிட்டது. 1999 மார்ச்சு 26இல் வெளிப்பட்ட மெலிசா இதனினுங் கொடியது. கோப்பைத் திறந்தவரின் மின்னஞ்சல் முகவரிப் பட்டியலிலுள்ள முதல் ஐம்பது பேருக்கு அக்கோப்பைத் தானே அனுப்பியது. பெற்றவர்கள் தமக்குத் தெரிந்தவரின் பெயரைக் கண்டு நம்பித் திறந்தனர். பல நிறுவனங்கள் தம் மின்னஞ்சற் சேவையை நிறுத்திவைக்க நேர்ந்தது. அதனை எழுதியவருக்கு அமெரிக்க நீதிமன்றம் 2002ஆம் ஆண்டில் 20 மாதச் சிறைத்தண்டனை விதித்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் கோப்பைத் திறந்தவர் படிக்கவே விரும்பினார், ஏவ விரும்பினாரல்லர். திறத்தலை ஏவலாகக் கொண்ட மென்பொருளின் இயல்பே தீயோர்க்கு வாய்ப்பாயிற்று. பவர்பொயின்ற்றும் முற்றாகத் தப்பவில்லை. வேர்ட், எக்செல், பவர்பொயின்ற் ஆகிய மூன்றையும் பற்றும் வைரசொன்று 1999ஆம் ஆண்டிலே தோன்றியது. 2017ஆம் ஆண்டிலோ, மக்ரோவே இன்றி, படவில்லையிலுள்ள இணைப்பொன்றின்மேற் சுட்டி ஊர்ந்த அளவிலே தீய கட்டளையை இயக்க முனையும் கோப்புகள் மின்னஞ்சலிற் பரவின. எனினும், திறத்தலும் இயங்குதலும் ஒன்றாகாமையால், வேர்ட்டிலும் எக்செல்லிலும் மக்ரோ வைரசுகள் பெருகியதுபோலப் பவர்பொயின்ற்றிற் பெருகவில்லை.

இதனால் மக்ரோக்களுக்குப் பல வேலிகள் படிப்படியாக அமைக்கப்பட்டன. 1997ஆம் ஆண்டுப் பதிப்பு, மக்ரோ உள்ளதென எச்சரித்து வினவியது. 2000ஆம் ஆண்டுப் பதிப்பு, எழுதியவரை உறுதிப்படுத்தும் இலக்கமுறைக் கையொப்பத்தைத் துணைக்கொண்டது. 2007ஆம் ஆண்டுப் பதிப்பு, மக்ரோ உள்ள கோப்பிற்கும் இல்லாத கோப்பிற்கும் வெவ்வேறு பெயரீறுகளை வகுத்தது. 'பி.பி.ரி.எக்ஸ்.' என முடியும் கோப்பில் மக்ரோவைச் சேமித்தல் இயலாது, 'பி.பி.ரி.எம்.' என முடிவதிலேயே அது நிற்கும். மக்ரோவை அரிதின் எழுதி முதல் வகையிற் சேமித்து அதனை இழந்தோர் பலர். 2022ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ற் நிறுவனம் இன்னும் ஒருபடி சென்று, இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மக்ரோக்களை இயல்பாகவே தடைசெய்தது. இத்தகைய கோப்புகளுக்கு விண்டோஸ் ஒரு குறியிட்டு வைக்கும். அக்குறியுள்ளவரை மக்ரோ இயங்காது. கோப்பு நம்பத்தக்கதாயின் அதன் பண்புகளைக் காட்டும் பெட்டியில் அத்தடையை நீக்கலாம். அல்லது நம்பத்தக்க இடமெனக் குறித்த கோப்புறையில் அதனை வைக்கலாம்.

ஆகவே தன்னியக்க மக்ரோவை நாடுவோர் முதலிற் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா, அது தேவையா என்பதேயாம். கண்காட்சியொன்றிற் படவில்லைகள் தாமே மாறிக்கொண்டு மீளமீளத் தோன்றுதல் வேண்டுமாயின் மக்ரோ வேண்டுவதில்லை. ஒவ்வொரு படவில்லைக்கும் நேரம் குறித்து, காட்சியை இடையறாது சுழலுமாறு அமைத்தலே போதும். திறந்தவுடன் காட்சி தொடங்க வேண்டுமாயின், கோப்பைக் காட்சி வடிவிற் சேமித்தால் அதுவே அமையும். இவற்றிற்கு மக்ரோ எழுதுதல் வீண்முயற்சியாம். அன்றியும், இணையவழிப் பவர்பொயின்ற்றிலும் கைத்தொலைபேசியிலும் மக்ரோக்கள் இயங்குவதில்லை. மாணவர் பலர் கைத்தொலைபேசியிலே கோப்புகளைத் திறக்கும் இந்நாளில், மக்ரோவின்றிப் பொருள் விளங்காத பாடம் பலரைச் சென்றடையாத பாடமாகும்.

மக்ரோ இன்றியமையாதது எனத் துணிந்தவிடத்தும், திறந்தவுடன் இயங்கச் செய்வதினும் முதற்படவில்லையில் 'தொடங்குக' என ஒரு பொத்தானை வைத்து, அதனைச் சொடுக்கியபின் இயங்கச் செய்தல் சாலச் சிறந்தது. படவில்லையிலுள்ள உருவத்திற்கு மக்ரோவொன்றை இணைக்கும் வசதி பவர்பொயின்ற்றில் உண்டு. பார்ப்பவர் ஒருமுறை சொடுக்க வேண்டியிருத்தல் சிறு தொல்லையே. எனினும் அச்சொடுக்கினாலே அவர் அறிந்து ஏவியவராகின்றார். 'மக்ரோவை அனுமதிக்குக' எனக் கோப்பினுள்ளேயே எழுதி வேண்டுதலும் தக்கதன்று. தீயோரும் அவ்வாறே எழுதுகின்றனராதலின் அவ்வேண்டுகோள் நம்பிக்கைக்குச் சான்றாகாது. கோப்பு யாரிடமிருந்து வருகின்றது, அதில் என்ன மக்ரோ உள்ளது என்பவற்றை நேரிலோ வேறு வழியாலோ முன்னறிவித்தலே நன்று. ஒருமுறை அனுமதித்த கோப்பை மென்பொருள் நினைவிற்கொண்டு அடுத்தமுறை வினவாது விடுமாதலின், அந்த முதல் அனுமதி ஆராய்ந்து வழங்கப்படல் வேண்டும்.

தன்னியக்கம் என்பது ஏவுவோன் இல்லாமை அன்று. ஏவுவோன் மறைந்து நிற்றலே. மறைந்து நிற்பவர் நல்லாசிரியராயின் அதனாற் பயன் விளையும். தீயோராயின் கேடு விளையும். இயற்றுங் கணினிக்கோ இவ்விருவரிடையே வேற்றுமை தெரியாது. கோப்பை எழுதுவோர் தம்மை மறையாது வெளிப்படுத்துவதும், திறப்போர் தாம் எதனை ஏவுகின்றோம் என அறிந்து ஏவுவதும் ஒருங்கு நிகழுமிடத்தே மக்ரோ உண்மையான உதவிக்கருவியாகும்.